திங்கட்கிழமை மழை: ஒரு கலாநிதிப் பட்ட விண்ணப்பம் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஊவா மாகாணத்தின் தென்சரிவிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அருகிலுள்ள பாடசாலையில் புவியியல் கற்பித்துவந்த ஓர் ஆசிரியை, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்தார். முதலாண்டில் ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிய விண்ணப்பங்களில் நான்கு நிராகரிக்கப்பட்டன. ஐந்தாவது பல்கலைக்கழகம் அனுமதியை வழங்கி, நிதியுதவியை மறுத்தது. மறு ஆண்டில் அவர் மூன்று இடங்களுக்கு மட்டும் விண்ணப்பித்தார். அவற்றுள் ஒன்று கட்டண விலக்கும் மாதாந்த உதவித்தொகையும் வழங்கி அவரை ஏற்றுக்கொண்டது. இவ்விரு ஆண்டுகளுக்கிடையில் அவருடைய பட்டமும் வகுப்பும் பெறுபேறுகளும் அப்படியே இருந்தன. முன்மொழிவு மட்டுமே மாறியது. அது மாறியதற்கு ஒரு தோட்ட அலுவலகத்து மழைப் பதிவேடு காரணமாயிற்று.

அவருடைய இளமாணி ஆய்வேட்டுக்கு மேற்பார்வையாளராக இருந்தவன் என்ற வகையிலும், இரண்டு முறையும் பரிந்துரைக் கடிதம் எழுதியவன் என்ற வகையிலும் இந்தக் கோப்பை நான் முழுமையாக அறிவேன். அவருடைய சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பல்கலைக்கழகங்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் பதுளையிலும் இருந்து இன்று கலாநிதி ஆய்வுக்கு விண்ணப்பிக்கத் தயாராகும் இளையோர் என்னிடம் கொண்டுவரும் வரைவுகளில் பத்தில் எட்டு, இவருடைய முதல் வரைவைப் போலவே இருப்பதால், இதை விரிவாக எழுத வேண்டியது அவசியம் என்று கருதுகிறேன்.

முதல் விண்ணப்பம்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தவில் மலைச்சரிவு இறங்கி, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியபோது, அவர் உயர்தர வகுப்பு மாணவியாக இருந்தார். அந்தச் சரிவு, முன்னொரு காலத்தில் சரிந்து வந்து படிந்த மண்ணாலும் பாறையாலும் ஆனது என்பதும், அங்கு வாழ்வோர் இடம்பெயர வேண்டும் என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது என்பதும் பின்னர் பரவலாகப் பேசப்பட்டன. இறந்தவர்களில் அவருடைய உறவினர்களும் இருந்தனர். புவியியலைச் சிறப்புப் பாடமாக அவர் தெரிவுசெய்ததற்கும், பிறகு அனர்த்த முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றதற்கும் அந்தக் காலை நேரமே காரணம் என்பதை அவர் என்னிடம் பலமுறை கூறியிருக்கிறார்.

இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டத்திலும், ஆய்வேட்டுடன் கூடிய முதுமாணி 10ஆம் மட்டத்திலும், முதுதத்துவமாணி 11ஆம் மட்டத்திலும், கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டத்திலும் உள்ளன. ஆய்வேடு எழுதாமல் பாடநெறியாக மட்டும் முடிக்கும் முதுமாணி 9ஆம் மட்டத்தில் நின்றுவிடுகிறது. வார இறுதி முதுமாணி வகுப்புகளில் சேரும் நம் ஆசிரியர்களில் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. கலாநிதி ஆய்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான், தாம் ஒரு முழு ஆய்வை இதுவரை நடத்தியதில்லை என்பது அவர்களுக்குத் தெரியவருகிறது. இவர் ஆய்வேட்டுடன் முடித்திருந்தார். ஆகவே தகைமையில் குறையில்லை.

குறை முன்மொழிவில் இருந்தது. “மலையகப் பெருந்தோட்டங்களில் மண்சரிவு: காரணங்கள், விளைவுகள், தீர்வுகள்” என்பது அதன் தலைப்பு. பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி ஆகிய ஆறு மாவட்டங்களிலும் சரிவுகளை வரைபடமாக்குவதாகவும், பாதிக்கப்பட்ட குடும்பங்களை நேர்காண்பதாகவும், மழைக்கும் மண்சரிவுக்கும் இடையிலான தொடர்பைக் கணிப்பதாகவும், இறுதியில் அரசுக்கு ஒரு கொள்கை வரைவை வழங்குவதாகவும் அது வாக்களித்தது. ஒரு கலாநிதிக் கற்கைக்கு மூன்று அல்லது நான்கு ஆண்டுகளே கிடைக்கும் நிலையில், அவர் நான்கு ஆய்வுகளை ஒன்றாகக் கட்டியிருந்தார். எனினும் பரப்பைக் குறைத்திருந்தால் மட்டும் அது தேறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. உண்மையான பழுது, ஏழாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதப்பட்ட ஒரு வாக்கியத்தில் இருந்தது: “தோட்டங்களில் எண்பது ஆண்டுகளுக்கும் மேலான தொடர்ச்சியான மழைத் தரவுகள் உள்ளமையால் தரவு பெறுவதில் சிரமம் இராது.”

அந்த வாக்கியத்தை எழுதியபோது அவர் ஒரு மழைப் பதிவேட்டையும் திறந்து பார்த்திருக்கவில்லை. தோட்டத்தில் மழை அளக்கிறார்கள் என்பது பிள்ளைப் பருவத்திலிருந்தே அவருக்குத் தெரியும். அலுவலக முற்றத்தில் சிறு வேலிக்குள் நிற்கும் செப்புக் குழலைப் பார்த்தே வளர்ந்தவர். தெரிந்த பொருள் என்பதாலேயே அதைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எழவில்லை. நிராகரித்த பல்கலைக்கழகங்களில் ஒன்று மட்டும் இரண்டு வரிக் குறிப்பொன்றை அனுப்பியது. தாம் பயன்படுத்தப்போகும் தரவின் இயல்பை விண்ணப்பதாரர் அறிந்திருப்பதற்கான அடையாளம் முன்மொழிவில் இல்லை என்பதே அதன் சாரம்.

இன்னொரு பிழையும் இருந்தது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஆய்வு முன்மொழிவையும், அதை மேற்பார்வை செய்யத் தகுந்தவர் துறையில் உள்ளாரா என்பதையும் முதலில் பார்க்கின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், ஏன் இக்கற்கையை நாடுகிறேன் என்று விண்ணப்பதாரர் எழுதும் நோக்கக் கூற்றும் மூன்று பரிந்துரைக் கடிதங்களும் கூடுதல் எடை பெறுகின்றன, பாடநெறியை முடித்த பிறகே ஆய்வுத் தலைப்பு உறுதியாகிறது. அவர் ஒரே ஆவணத்தை இரு வகையினருக்கும் அனுப்பியிருந்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு முன்மொழிவின் முதல் இரண்டு பக்கங்களை வெட்டி, அதையே நோக்கக் கூற்றாக ஒட்டியிருந்தார்.

நிதியுதவியின்றிக் கிடைத்த ஓர் அனுமதி அவருடைய வீட்டில் பெரும் மகிழ்ச்சியையும், இரண்டு வாரங்களில் பெரும் வேதனையையும் கொண்டுவந்தது. வெளிநாட்டு மாணவருக்கான ஓராண்டுக் கட்டணத்தை ரூபாயில் கணக்கிட்டுப் பார்த்த அவருடைய தந்தை, நகையையும் சேமலாப நிதியையும் கூட்டிப் பார்த்துவிட்டு, “வேற வழி இருக்கான்னு அந்த சேர்கிட்டக் கேட்டுப் பாரும்மா” என்று கூறியிருக்கிறார். வேறு வழி இருக்கவில்லை. அனுமதியும் நிதியும் இரு வேறு தீர்மானங்கள் என்பதை விண்ணப்பிக்கும் முன்னரே குடும்பத்தினருக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்று அன்றிலிருந்து நான் வற்புறுத்திவருகிறேன்.

என்னுடைய கடிதம்

அந்த ஆண்டில் நான் எழுதிய பரிந்துரைக் கடிதத்தை இப்போது மீண்டும் வாசிக்கும்போது எனக்கு வருத்தமே உண்டாகிறது. ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, வறிய பின்னணியிலிருந்து முயன்று முன்னேறியவர், சக மாணவரோடு இணங்கிப் பணியாற்றுபவர் என்று அதில் எழுதியிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் அந்தக் கடிதத்தில் அவருடைய பெயரை நீக்கி வேறொரு மாணவரின் பெயரை இட்டாலும் அது பொருந்தியிருக்கும். அவர் செய்த ஆய்வைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதுவும் ஆய்வேட்டின் தலைப்பைச் சொல்வதோடு நின்றது. மூன்றாவது கடிதத்தை எழுதியவர் அவருடைய பாடசாலை அதிபர். அதிபர் நேர்மையாகவும் அன்பாகவும் எழுதியிருந்தார். ஆயினும் அவருக்குத் தெரிந்தது ஓர் ஆசிரியையை, ஓர் ஆய்வாளரை அல்ல. பதவிப் பெயர் பெரிதாக இருந்தால் கடிதமும் பெறுமதி பெறும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நானும் அதைத் தடுக்கவில்லை.

பதிவேடு

முதல் சுற்று முடிந்த சித்திரை விடுமுறையில் அவர் என்னைச் சந்திக்க வந்தபோது, முன்மொழிவைத் திருத்துவதைப் பற்றிப் பேச வேண்டாம், முதலில் ஒரு பதிவேட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் கூறினேன். தோட்ட முகாமையாளரிடம் அனுமதி பெற ஆறு வாரங்கள் சென்றன. இரண்டு கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. மூன்றாவது கடிதத்தில், எந்த ஆண்டுகளின் பதிவேடுகள், எங்கே அமர்ந்து பார்ப்பது, எவற்றைப் படம் எடுப்பது, தொழிலாளர் பற்றிய எந்த ஆவணத்தையும் தொடமாட்டேன் என்ற உறுதிமொழி ஆகியவற்றைத் தெளிவாக எழுதியபின் அனுமதி கிடைத்தது. கேட்பது என்னவென்று விளங்காத ஒரு வேண்டுகோளுக்கு எந்த அலுவலகமும் இணங்கத் தயங்கும். அதில் நியாயமும் இருக்கிறது.

பதிவேடுகள் அலுவலகத்தின் பின்னறையில், தொழிலாளரின் வேலைநாள்களைப் பதியும் பழைய செக்ரோல் புத்தகங்களுக்குக் கீழே கிடந்தன. சிலவற்றின் ஓரங்களைக் கரையான் அரித்திருந்தது. 1970களின் தேசியமயமாக்கத்தின்போதும், 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் நிருவாகம் கைமாறிய காலப்பகுதிகளில் சில ஆண்டுகளுக்குப் புத்தகங்களே இல்லை. எண்பது ஆண்டுத் தொடர்ச்சி என்ற பேச்சு முதல் நாளிலேயே முடிந்துவிட்டது.

இரண்டாம் நாளில் அவர் கண்டது வேறொன்று. ஒரு பக்கத்தில் திகதிகள் மேலிருந்து கீழாக ஓட, அவற்றுக்கு நேரே அங்குலக் கணக்கில் நீல மையால் மழை எழுதப்பட்டிருந்தது. ஒவ்வோர் ஏழாம் வரியிலும் ஒரு சிறு கோடு. கோட்டுக்கு அடுத்த வரியில், பெரும்பாலும், சற்றுப் பெரிய எண். ஒரு நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமைக்கு நேரே 4.40 என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யவில்லையா என்று அவர் யோசித்திருக்கிறார். அன்று மாலை, முன்னர் அந்த அலுவலகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒரு முதியவரிடம் சென்று கேட்டார். லயத்து வாசலில் அமர்ந்திருந்த அவர் சொன்ன விடையை அப்படியே எழுதிவந்து என்னிடம் காட்டினார்: “ஞாயித்துக்கெழம ஒப்பீஸ் பூட்டு புள்ள. திங்கக்கெழம காலையிலதான் ரெண்டு நாளு தண்ணியையும் ஒண்ணா அளந்து எழுதுவோம். தீவாளி, பொங்கல்னா மூணு நாளு தண்ணிகூட சேந்து கெடக்கும்.”

இந்த விடை ஓர் ஆய்வு வினாவாக எப்படி மாறியது என்பதைச் சற்று விளக்க வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் பொறுப்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உரியது. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு நிலை, 100 மில்லிமீற்றரானால் தயார் நிலை, 150 மில்லிமீற்றரானால் வெளியேற்றம் என்ற எல்லைப் பெறுமானங்கள் அதன் எச்சரிக்கைகளுக்கு அடிப்படையாக உள்ளன. மழையின் செறிவையும் அது நீடித்த நேரத்தையும் இணைத்து மண்சரிவுக்கான எல்லையை வரையும் முறையை நெல் கெயின் என்பவர் 1980இல் முன்வைத்ததிலிருந்து, உலகின் பல மலைப்பகுதிகளில் இத்தகைய எல்லைகள் கணிக்கப்பட்டுவருகின்றன. அவற்றைச் சோதிக்க நீண்டகால நாளாந்த மழைத் தரவு வேண்டும். நம் மலைச்சரிவுகளில் தானியங்கி மழைமானிகள் அண்மையில் வந்தவை. பழைய காலத்துக்குத் தோட்டப் பதிவேடுகளை விட்டால் நெருக்கமான வேறு தரவு அரிது.

இப்போது அந்த 4.40 அங்குலத்தை எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 112 மில்லிமீற்றர். இரு நாள்களிலும் சமமாகப் பெய்திருந்தால் நாளொன்றுக்கு 56 மில்லிமீற்றர். எந்த எல்லையையும் அது தொடவில்லை. ஞாயிறு காலைவரை 10, அதன்பின் திங்கள் காலைவரை 102 எனப் பெய்திருந்தால் இரண்டாவது எல்லையைத் தாண்டிவிட்டது. பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே எண்தான். அந்த எண்ணை ஒரு நாள் மழையாகவே கணினியில் ஏற்றும் ஆய்வாளர், பெய்யாத பெருமழையைக் கண்டு, மண்சரிவு நிகழாததைக் கண்டு, எல்லையை உயர்த்திவிடலாம் என்று முடிவுசெய்யக்கூடும். எச்சரிக்கை எல்லை தவறாக உயர்ந்தால் அதன் கீழே வாழ்வோர் யார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அடுத்த கட்டத்தை அவர் தாமாகவே கண்டார், அதுவே இந்தக் கோப்பில் நான் மிகவும் மதிக்கும் இடம். விடுபட்ட நாள்கள் தற்செயலாகச் சிதறிக்கிடக்கவில்லை. தீபாவளி ஒக்டோபர் அல்லது நவம்பரில் வருகிறது. ஊவாவின் சரிவுகளில் இடைப்பருவ மழை கனத்துப் பெய்வதும் அதே மாதங்களில்தான். 2014இல் தீபாவளி ஒக்டோபர் 22ஆம் திகதி வந்தது. மீரியபெத்த அதற்கு ஒரு வாரம் கழித்து நிகழ்ந்தது. மண்ணில் ஏற்கெனவே ஊறியிருக்கும் முன்மழையின் அளவு மண்சரிவுக்கு முக்கியமானது என்றால், அந்த முன்மழையைக் கணிக்க வேண்டிய நாள்களிலேயே பதிவேட்டில் கோடுகள் கூடுகின்றன. தொழிலாளரின் விடுமுறை நாள்காட்டியும் மழையின் நாள்காட்டியும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. இதை வெளியிலிருந்து வரும் ஒருவர் தரவை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க நெடுநாள் ஆகும். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு ஒரு மாலைப் பேச்சில் கிடைத்தது.

வேறு பழுதுகளும் வெளிவந்தன. ஒரு புத்தகத்தில் ஆண்டின் நடுவே அங்குலம் மில்லிமீற்றராக மாறுகிறது, அதைக் குறிப்பிடும் ஒரு சொல்கூட இல்லை. மானி நின்ற இடத்தருகே ஒரு கிரவில்லியா மரம் வளர்ந்து, பின் வெட்டப்பட்டிருக்கிறது. அக்காலத்தில் மானிக்குள் விழுந்த மழை குறைந்திருக்கலாம். இவற்றையெல்லாம் அவர் ஒரு தனிக் குறிப்பேட்டில் திகதியுடன் எழுதிவைத்தார்.

மறு எழுத்து

முதல் முன்மொழிவின் தொடக்கம், மலையகத்தில் மண்சரிவு ஒரு பாரிய பிரச்சினை என்பதாக இருந்தது. புதிய முன்மொழிவு இப்படித் தொடங்கியது: “பெருந்தோட்டங்களில் கையால் அளக்கப்பட்ட நாளாந்த மழைப் பதிவுகளில், விடுமுறை நாள்களின் மழை அடுத்த வேலைநாளின் மழையோடு சேர்ந்து பதிவாகியுள்ளது. இவ்வாறு திரண்ட பெறுமானங்களை நாள்வாரியாகப் பிரிக்க இயலுமா, பிரித்தால் 24 மணிநேர மண்சரிவு எல்லைகள் எவ்வளவு மாறுகின்றன என்பவை இவ்வாய்வின் வினாக்கள்.” ஆறு மாவட்டங்கள் ஒரு மாவட்டத்தின் இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளாகச் சுருங்கின. நேர்காணல்கள், பழைய மழை அளப்போரிடம் அளக்கும் வழக்கத்தைப் பற்றிக் கேட்பதாக மட்டும் நின்றன. கொள்கை வரைவு நீங்கியது.

ஓராண்டுப் பதிவேட்டைக் கையால் கணினியில் ஏற்றி, வளிமண்டலவியல் திணைக்களத்திடமிருந்து கட்டணம் செலுத்திப் பெற்ற, விடுமுறையிலும் அளக்கப்படும் அயல் நிலையமொன்றின் தரவோடு ஒப்பிட்டு, திங்கட்கிழமைப் பெறுமானங்களை அந்த நிலையத்தின் விகிதப்படி பிரித்துப் பார்த்த ஒரு முன்னோட்ட முயற்சியும் அதில் இடம்பெற்றது. முடிவு தெளிவாக வரவில்லை. மலைமுகட்டின் மறுபக்கத்திலிருந்த அந்த நிலையம் வேறு காற்றின் மழையைப் பெறுவதால் விகிதம் பல நாள்களில் பொருந்தவில்லை. இதை நீக்கிவிடலாமா என்று அவர் என்னிடம் கேட்டார். “பிழைச்சுப்போனதக் காட்டினா குறைவா நினைக்கமாட்டாங்களா சேர்?” என்பது அவருடைய வார்த்தை. வைத்திருங்கள் என்றேன். எது பொருந்தவில்லை, ஏன் பொருந்தவில்லை என்று எழுதிய அந்த அரைப்பக்கமே, ஒரு நிலையத்துக்குப் பதிலாகப் பல அயல் தோட்டங்களின் மானிகளைச் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும் என்ற ஆய்வுமுறைக்கு நியாயமாக அமைந்தது.

மேற்பார்வையாளர்களுக்கு எழுதும் மின்னஞ்சலும் மாறியது. முதலாண்டில் ஒரே கடிதத்தைப் பதினைந்து பேராசிரியர்களுக்கு அனுப்பி, தங்கள் உன்னத ஆய்வுகளால் பெரிதும் கவரப்பட்டேன் என்று எழுதியிருந்தார்; இருவர் மட்டும் வாழ்த்துக் கூறிப் பதில் எழுதினர். இரண்டாமாண்டில் மூவரைத் தெரிவுசெய்து, ஒவ்வொருவரின் அண்மைக் கட்டுரையையும் வாசித்து, அதில் திரண்ட மழைப் பெறுமானங்கள் எவ்வாறு கையாளப்பட்டன என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு, பதிவேட்டின் ஒரு பக்கத்துப் படத்தை இணைத்தார். ஒருவர் மறுநாளே எழுதினார். அந்தப் பக்கத்தை அவர் பெரிதாக்கிப் பார்த்து, 4.40க்கு மேலே உள்ள கோட்டைப் பற்றிக் கேட்டிருந்தார்.

என் கடிதத்தை நானும் புதிதாக எழுதினேன். தமது முன்னோட்ட முயற்சி தோற்றதை அவர் எவ்வாறு கண்டறிந்தார், அங்குலத்திலிருந்து மில்லிமீற்றருக்கு மாறிய மாதத்தை அயல் நிலையத்தின் திரள் தொகையோடு வரைந்து எவ்வாறு நிறுவினார், புள்ளிவிவரவியலில் அவருக்கு இன்னும் எங்கே பயிற்சி போதாது என்பவற்றை எழுதினேன். குறையையும் எழுதியது அவருடைய சம்மதத்தோடுதான். அதிபரின் கடிதத்துக்குப் பதிலாக, முதுமாணிக் காலத்தில் களப்பயிற்சி அளித்த ஒரு புவிச்சரிதவியலாளர் எழுதினார்.

பத்திரங்களும் மொழியும்

இந்தப் பகுதி ஆய்வோடு தொடர்பற்றதாகத் தோன்றலாம். ஆனால் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இதுவே பெரிய தடை. பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் ஒருவகையாகவும், தேசிய அடையாள அட்டையில் முதலெழுத்து மட்டுமாகவும், பட்டச் சான்றிதழில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடியும், கடவுச்சீட்டில் குறைந்தும் இருந்தது. தோட்டத்தில் பிறந்தோரின் பெயர்களை எழுதியவர்கள் பெரும்பாலும் அப்பெயர்களைத் தாமே உச்சரித்திராதவர்கள். நான்கும் ஒரே ஆளைக் குறிப்பன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்த்து, பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து பாடவாரிப் பெறுபேற்றுப் பத்திரத்தைப் பெற, பஸ் பயணங்களோடு சேர்த்து மூன்று மாதங்கள் போயின. முதலாண்டில் இதை நவம்பரில் தொடங்கியதால் ஒரு விண்ணப்பத்துக்குப் பத்திரம் காலம் தாழ்த்தியே சென்றது. இரண்டாமாண்டில் ஜூலையிலேயே முடித்துவிட்டார்.

அவருடைய முதற்பட்டம் தமிழ்மொழி மூலமானது. ஆகவே ஆங்கில மொழி மூலம் கற்றதாகச் சான்று காட்டி விலக்குப் பெற இயலவில்லை. ஆங்கிலத் தேர்ச்சியை அளக்கும் ஐஈஎல்டிஎஸ் பரீட்சையைக் கண்டியில் எழுதினார். முதல் முறை எழுத்துப் பகுதியில் 5.5, இரண்டாம் முறை 6.5. அப்பெறுபேறு இரண்டு ஆண்டுகளே செல்லுபடியாகும் என்பதால் மிக முன்னதாக எழுதுவதும் நன்றன்று. தமிழில் எழுதிய ஆய்வேட்டிலிருந்து ஓர் அத்தியாயத்தை அவரே ஆங்கிலத்தில் தந்தார். திணிவசைவு (மண்ணும் பாறையும் சரிவில் இறங்குவது), வானிலையாலழிதல் (பாறை சிதைவது) என்று நாம் கற்பித்த சொற்களை அவர் நன்கு அறிந்திருந்ததால் கருத்தில் எங்கும் தடுமாறவில்லை. தமிழில் தெளிவாகச் சிந்திக்கக் கற்ற ஒருவர் பின்னர் ஆங்கிலத்தில் எழுதக் கற்பது உழைப்பின் விடயம். அதைத் தாழ்வாகக் கருதி மறைக்கும் பழக்கம் நம் மாணவரிடையே இருப்பது எனக்குப் பெரும் கவலை தருகிறது.

நேர்காணல்

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இணைய இணைப்பு உறுதியாகக் கிடைக்கும் என்பதற்காகப் பண்டாரவளையில் ஒரு நண்பியின் வீட்டில் அமர்ந்து அவர் நேர்காணலுக்கு முகங்கொடுத்தார். கம்பனி அனுமதியை விலக்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்பது முதற்கேள்வி. ஏற்கெனவே படமெடுத்த பதிவேடுகளின் பட்டியலையும், எழுத்துமூல அனுமதியின் எல்லையையும், வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு நீண்டகாலமாக மழை அறிக்கை அனுப்பிவந்த வேறு தோட்டங்கள் உள்ளமையையும் கூறினார்.

இரண்டாவது கேள்வி, அளவுக் குவளை மானிக்கு உரியதுதான் என்பது எவ்வாறு தெரியும் என்பது. 5 அங்குல வாயுள்ள மானிக்குரிய குவளையால் 8 அங்குல மானியின் நீரை அளந்தால், வாயின் பரப்புகள் வேறுபடுவதால், மழை 2.56 மடங்காகத் தெரியும். அவர் தையல் நாடாவால் மானியின் வாயை அளந்து குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். அந்தப் பக்கத்தைக் கமராவுக்கு முன் பிடித்துக் காட்டினார். தற்போதைய குவளைக்கு மட்டுமே தம்மால் உறுதி கூற முடியும் என்றும், பழைய குவளைகள் உடைந்து மாற்றப்பட்டதைத் திடீர் மாற்றங்கள் வழியாகவே தேட வேண்டும் என்றும் கூறினார்.

மூன்றாவது கேள்வி, மானி கொள்ளும் அளவைவிடக் கூடுதலாக மழை பெய்து, நீர் வழிந்துபோன நாள்களை எவ்வாறு அடையாளம் காண்பீர்கள் என்பது. அதற்கு அவரிடம் விடை இருக்கவில்லை. அவ்வாறு நடந்திருக்கக்கூடும் என்று தாம் எண்ணிப் பார்க்கவில்லை என்று கூறி, அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டார். நேர்காணல் முடிந்ததும் எனக்கு அழைப்பு எடுத்து, அதனாலேயே வாய்ப்புப் போய்விட்டது என்று அழுதார். நான்கு வாரங்களில் ஏற்புக் கடிதம் வந்தது. முதலாண்டில் புள்ளிவிவரவியலில் இரண்டு பாடங்களைக் கட்டாயமாகக் கற்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. மற்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. உள்நாட்டுப் பதிவுக்காகச் செய்த மூன்றாவது விண்ணப்பத்தை அவர் மீளப்பெற்றார். கற்கை விடுமுறைக்கான அனுமதி வருவதற்குள் ஆகஸ்ட் முடிந்துவிட்டது, செப்டெம்பரில் புறப்பட்டார்.

அவர் சென்ற மூன்றாவது மாதத்தில், 2025 நவம்பர் இறுதியில், டித்வா சூறாவளி கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைகளைச் சரித்தது. தொடர்புகள் மீண்டதும் அவர் வீட்டாரின் நலத்தை விசாரித்தார். மறுநாள், அலுவலகத்துக்குப் போய் அந்த வாரத்துப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப இயலுமா என்று தம்பியிடம் கேட்டார். பாதை திறக்க ஒரு வாரம் ஆயிற்று. தம்பி அனுப்பிய படத்தை அவர் எனக்கும் அனுப்பினார். வியாழக்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நேரே கோடுகள் இருந்தன. சனிக்கிழமைக்கு நேரே எண் இல்லை. மானி நிரம்பி வழிந்தது என்று மட்டும், நீல மையால், எழுதப்பட்டிருந்தது.